மண்மேட்டுப் பக்கச் சுவர்: குன்னூர் வீட்டில் பூசணத்தோடு ஒரு மல்லுக்கட்டு

குன்னூரில் சுவர் பூசணம் பிடிப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கறுக்கும். தை பிறந்து வெயில் வந்ததும் துடைத்துவிட்டு ஒரு கோட் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த ஐப்பசியில் திரும்பவும் கறுக்கும். நாங்கள் வாங்கிய வீட்டிலும் காலங்காலமாக இதுதான் நடந்திருக்கிறது. பின்னால் சுவரைச் சுரண்டியபோது பச்சை, ரோஸ், கிரீம் என்று வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று வந்தது.

வீடு பழசு. கீழே கருங்கல், மேலே செங்கல், எல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. தகரக் கூரை, உள்ளே பலகை மச்சு. பின்பக்கம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் மண்மேடு, அதற்கு மேல் தேயிலைத் தோட்டம். இடையில் யாரோ உள்சுவருக்கு சிமென்ட் பூச்சு பூசி, பட்டி பார்த்து, பளபளவென்று எமல்ஷனும் அடித்துவிட்டார்கள். வாங்கும்போது அந்தப் பளபளப்பு எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

இதை வேலையாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் மகளின் இருமல். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஆரம்பிக்கும், விடியும்வரை நிற்காது. மலையில் எல்லா இருமலுக்கும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: பனி ஒத்துக்கவில்லை. நாங்களும் குல்லாய், மஃப்ளர், கற்பூரவள்ளிக் கஷாயம் என்று எல்லாம் பார்த்தோம். குழந்தை மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் திசையை மாற்றியது. “கீழே பாட்டி வீட்டுக்குப் போனா இருமல் இருக்கா?” யோசித்துப் பார்த்தால், மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டில் இருக்கும் நாட்களில் இருமல் இருந்ததே இல்லை. மேலே வந்த மறுநாள் ராத்திரி தொடங்கிவிடும். குளிர்தான் காரணமென்றால் பள்ளிக்கூடத்தில் மைதானத்தில் ஓடும்போதும் இருமியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. அவள் படுக்கிற அறையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்றார்.

ஆஸ்துமா என்று உறுதி செய்து இன்ஹேலர் கொடுத்தார். பூசணத்தைத் துடைத்துவிட்டோம் என்று மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது, மருந்து இருக்கிறதே என்று பூசணத்தை விடவும் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டு அறிக்கை வெளியிட்டிருக்கிறது. எல்லோருக்கும் இது வராது. அதே அறையில் படுக்கும் எனக்குத் தும்மல்கூட இல்லை. குழந்தைகள், ஏற்கெனவே அலர்ஜி உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், முன்பு காசநோய் வந்து நுரையீரலில் குழி விழுந்தவர்கள் ஆகியோர்தான் உஷாராக இருக்க வேண்டும். அந்தக் குழியிலேயே ஆஸ்பர்ஜிலஸ் என்ற பூசணம் குடியேறிவிடுவது உண்டு. கறுப்பாக இருந்தால் விஷம், வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது. நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த நிறமாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும். அதனால் என்ன இனம் என்று பரிசோதனைக்கு அனுப்பிக் காசு செலவழிக்கவில்லை.

பூசணத்தை யாரும் விதைக்க வேண்டியதில்லை. அதன் வித்துகள் காற்றில் எப்போதும் எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன. சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. தூசி, பெயின்ட், மரம், பசை, துணி எதுவானாலும் தின்னும். நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். அந்தத் தண்ணீர் சுவருக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை வாங்கித் தேய்த்தாலும் வீண்.

வரக்கூடிய வழி மூன்று. கூரையிலிருந்து ஒழுகலாம். மண்ணிலிருந்து சுவர் வழியாக ஓதம் ஏறலாம். அல்லது வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கலாம். கூரையை மழை பெய்யும்போதே மச்சுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், ஒழுகல் இல்லை. மற்ற இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி உண்டு. சமையலறை அலுமினியம் ஃபாயிலை ஒரு சாண் சதுரத்துக்கு வெட்டி, சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். ஃபாயிலின் முன்பக்கம் வேர்த்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது பின்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தது. மண்மேட்டுப் பக்கச் சுவரில் ஃபாயிலின் பின்னால் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மகள் படுக்கும் அறையின் வடக்குச் சுவரில் முன்பக்கம் வேர்த்திருந்தது, பின்னால் காய்ந்திருந்தது. ஒரே கறுப்புதான், ஆனால் வைத்தியம் வேறு வேறு.

முதலில் மண்மேடு. மழைக்கு மேலேயிருந்து கரைந்து வந்த மண் வருஷக்கணக்கில் வீட்டுக்குப் பின்னால் சேர்ந்து, உள்ளே தரை இருக்கும் மட்டத்தை விட ஒரு முழம் உயர்ந்திருந்தது. அங்கே ஒரு வடிகால் இருந்ததே அதைத் தோண்டியபோதுதான் தெரிந்தது. கற்பூர மரத்துச் சருகும் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியும் மக்கி அதை அடைத்திருந்தன. நீலகிரியில் பொக்லைன் கொண்டுவர மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்த இடுக்குக்குள் அது நுழையவும் நுழையாது. இரண்டு ஆட்களை வைத்து மண்வெட்டியால்தான் எடுத்தோம். மேட்டின் அடியைச் செதுக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சேர்ந்த மண்ணை மட்டும் எடுக்க வேண்டும், பழைய கரையைத் தொடக்கூடாது. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை.

தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருந்த ஓட்டைகள் எல்லாம் மண்ணடைத்துக் கிடந்தன. ஒன்றில் ஆள் கம்பியை விட்டுக் குத்தினார். முதலில் சேறு கட்டியாக விழுந்தது. இரண்டாவது குத்தில் சுண்டுவிரல் பருமனுக்குப் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து அவர் சட்டையை நனைத்துவிட்டது. அரை மணி நேரம் ஆகியும் அது நிற்கவில்லை. அவ்வளவு தண்ணீரும் எங்கள் சுவர் வழியாகத்தான் வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறது. வடிகாலைச் சரிவு பார்த்து வெட்டி, அடியில் ஜல்லி போட்டு, ரோட்டோரக் கால்வாயில் சேர்த்தோம். செலவில் பெரும் பகுதி இதற்குத்தான் ஆனது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டி மெச்ச முடியாத வேலை.

உள்ளே சுரண்டும் வேலையைப் பொங்கல் விடுமுறைக்கு வைத்துக்கொண்டு மகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அதில் சமரசம் கூடாது. சுரண்டும்போது கிளம்புகிற வித்துகள் சும்மா சுவரில் இருப்பதைப் போலப் பல மடங்கு. கதவுக்குத் தார்ப்பாய் கட்டி, அறையில் இருந்த துணி, மெத்தை எல்லாவற்றையும் வெளியேற்றினோம். என்95 முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டோம். துணி மாஸ்க் இதற்கு உதவாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் பத்து சதுர அடி வரைதான் வீட்டுக்காரர்களே செய்யலாம் என்கிறது. எங்கள் சுவர் அதை விடப் பெரிது, அதனால் கொத்தனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தோம்.

காய்ந்த சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கவே கூடாது. ரோஜாச் செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரை நனைத்துக்கொண்டே சுரண்டினோம். பழைய எனாமலுக்கும் அதுதான் நல்லது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அடுக்குகளில் எவ்வளவு ஈயம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காய்ந்த தூளாக்கி மூச்சில் இழுக்காமல் இருப்பதே புத்தி.

ஜன்னலுக்குக் கீழே எமல்ஷன் ஒரு இடத்தில் உள்ளங்கை அளவுக்கு உப்பி நின்றது. விரலால் அழுத்தினேன். மெத்தென்று உள்ளே போய், ஓரத்தில் கிழிந்து தண்ணீர் வழிந்தது. அந்தத் தோலை உரித்தால் பின்னால் வெல்வெட் மாதிரி ஒரே கறுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அந்தப் பளபளப்பு பெயின்ட்தான் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி, வெயில் காலத்தில் விட்டுவிடும். மேலே சிமென்டும் எமல்ஷனும் போட்டால் வாங்க மட்டும்தான் முடியும்.

கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று பூத்திருந்தது. அதுவும் பூசணம் என்றுதான் நினைத்தேன். கொத்தனார் விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “உப்பு, டீச்சரம்மா” என்றார். நான் பதறிப்போனேன். “அண்ணா, தண்ணி ஒரு சொட்டு விட்டுப் பாத்தாலே கரையுதா இல்லையான்னு தெரிஞ்சிடுமே!” “அதுக்கு யாரு தண்ணி எடுத்துட்டு வர்றது?” என்று சிரித்தார். உப்பு தண்ணீரில் கரையும், பூசணம் கரையாது. நீங்கள் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்தால் ஒரே நாளில் வெளுத்துவிடும் என்றார். வெளுக்கும், உண்மைதான். ஆனால் பூச்சுச் சுவரில் நிறம்தான் போகும். மருந்து மேலோடு நின்றுவிடும், அதிலிருக்கும் தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கிப் பூசணத்துக்கே போய்ச் சேரும். செத்த பூசணமும் அலர்ஜி தரும் என்பதால் கொன்றால் மட்டும் போதாது, வழித்து எடுத்தாக வேண்டும். பாத்ரூம் டைல்ஸுக்கு பிளீச்சிங் சரி. அதையும் டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

சுரண்டியதை உரச்சாக்கில் கட்டி வெளியேற்றினோம். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும் அதோடு போனது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் பஞ்சுக்குள் இறங்கியதை எடுக்க வழியில்லை.

அதற்கப்புறம் சும்மா காய விட்டோம். சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் என்பது பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் ஒன்பது மாதம். அவ்வளவு நாள் காத்திருந்தால் அடுத்த மழையே வந்துவிடும். சுண்ணாம்பின் சௌகரியம் இங்கேதான். சுவர் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை, மிச்ச ஈரம் அதன் வழியாகவே வெளியேறும். தை, மாசி வெயிலைப் பயன்படுத்திக்கொண்டு, கோடை மழைக்கு முன்னால் பங்குனியில் சுண்ணாம்புப் பூச்சு வைத்தோம். ஊட்டிப் பக்கமென்றால் உறைபனி முழுசாக நின்ற பிறகு தொடங்குவது நல்லது, பச்சைச் சுண்ணாம்பை உறைபனி பொரித்துவிடும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பதுதான் சிரமம். எங்கள் கொத்தனார் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இந்தச் சுவருக்கு அது வேண்டாம், வெல்லம் பூசணத்துக்கு விருந்தாகிவிடுமோ என்று நான் தயங்கினேன். அவர் வற்புறுத்தவில்லை. வெள்ளையடிக்கும்போது ஒட்டுவதற்காக அரிசிக் கஞ்சியோ வச்சிரமோ சேர்க்கும் பழக்கம் இருக்கிறதே, ஈரச் சுவரில் அது கூடவே கூடாது.

வெள்ளையடிப்புக்குக் கல்லுச் சுண்ணாம்பு வாங்கி நாங்களே நீற்றினோம். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கல். மாற்றிச் செய்தால் தெறிக்கும். கல் விழுந்த கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளேயிருந்து டப் டப் என்று வெடித்து, அடுப்பே இல்லாமல் தளதளவென்று கொதித்தது. கண்ணாடி போடாமல் கிட்டே போகக்கூடாது, கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். ஆறியதை ஊற வைத்து, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மட்டையால் மெல்லிசாக அடித்தோம். அடித்தபோது ஒன்றுமே தெரியாது. காயக் காயத்தான் வெளுக்கும்.

புதுச் சுண்ணாம்பின் காரத்தன்மை 12 பிஹெச்சுக்கு மேல். அதில் பூசணம் வாழ முடியாது. ஆனால் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து அது மெல்ல மெல்லக் கல்லாக மாறும், காரமும் குறைந்துகொண்டே போகும். வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் கீழ்நாட்டை விட மலைக்குத்தான் ரொம்பப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது.

இனி வடக்குச் சுவர். இங்கே கொத்தனாருக்கு வேலையில்லை, எங்கள் பழக்கத்துக்குத்தான் வேலை. நூற்றுக்கணக்கில் விலையுள்ள சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி மகள் அறையில் மாட்டினேன். கார்த்திகை ராத்திரியில் 85, 88 சதவீதம் என்று காட்டியது. 60-க்குக் கீழ் இருப்பது நல்லது. 18 டிகிரி அறையில் ஈரப்பதம் 80 என்றால், சுவர் 14 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் பூக்கும். வெயிலே படாத வடக்குச் சுவர் அந்த அளவுக்குச் சாதாரணமாகக் குளிரும். சொட்டு விழ வேண்டும் என்றுகூட இல்லை. சுவரை ஒட்டிய காற்று நாள்கணக்கில் 80-க்கு மேல் நின்றால் அதுவே பூசணத்துக்குப் போதும்.

ஈரம் எங்கிருந்து? நால்வர் மூச்சு, மூடி போடாத சோற்றுப் பானை, வெந்நீர்க் குளியல். எல்லாவற்றையும் விட மழைக்காலத்தில் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடும் துணி. ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் சுலபமாகக் காற்றில் கலக்கும். அப்புறம் கேஸ் ஹீட்டர். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வருகிறது. சூடு தருகிற மாதிரி இருக்கும், ஆனால் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர்காலத்தில் படிக்கிறோம். கேஸ் ஹீட்டருக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். அதை எடுத்துவிட்டு கரன்ட்டில் ஓடும் ஆயில் ஹீட்டருக்கு மாறினோம்.

மஞ்சு இறங்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வந்துவிடும் என்று இங்கே எல்லோரும் இறுகச் சாத்திவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. வெளியே 10 டிகிரி, 95 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காற்றால் தண்ணீரை அதிகம் சுமக்க முடியாது. அதே காற்றை உள்ளே கொண்டுவந்து 18 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கிவிடும். ஆக, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிஷம் திறந்து மூடினால் அறை காய்கிறது. ஹீட்டர் இல்லாமல் திறந்தால் பலன் குறைவு. சமைத்து முடித்தவுடனும் குளித்து முடித்தவுடனும் இப்படிச் செய்கிறோம். “மஞ்சுல ஜன்னலைத் திறந்து வெச்சிருக்கீங்களே, டீச்சர்?” என்று அக்கா இன்றும் கேட்பார். ஈரப்பதமானியைக் காட்டினால் நம்பாமல் சிரிப்பார்.

சுவரோடு ஒட்டி நின்ற பீரோவை ஒரு சாண் முன்னால் இழுத்துவிட்டோம். அதன் முதுகில்தான் வீட்டிலேயே அடர்த்தியான பூசணம் இருந்தது, காற்றே போகாத இடம். பட்டுப்புடவைகளைச் சுவர் இல்லாத பக்கத் தட்டுக்கு மாற்றினேன். சிலர் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள். ஈரம் குறையும், ஆனால் துணிக்கு நடுவே சூடான பல்பை விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்குத் தைரியம் இல்லை. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: கம்ப்ரசர் வகை குளிரில் சரியாக வேலை செய்யாது. நம் ஊருக்கு ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து ஓடும் டெசிகன்ட் வகைதான் தோது. நாங்கள் இன்னும் வாங்கவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் மண்மேட்டுச் சுவர் தாக்குப்பிடித்தது. அடியில் கொஞ்சம் உப்புப் பூத்தது, துடைப்பத்தால் தட்டிவிட்டோம். வடக்கு அறையில் ஈரப்பதம் பெரும்பாலும் 65-ஐ ஒட்டி நிற்கிறது. 60-க்குக் கீழ் கொண்டுவர முடியவில்லை, விடாத மழை நாட்களில் 75 தொடும். மூலையில் மட்டும், மச்சும் சுவரும் சேரும் இடத்தில், மிளகு தூவிய மாதிரி புள்ளிகள் வரும். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுகிறேன். மகளுக்கு ராத்திரி இருமல் அபூர்வமாகிவிட்டது. மருத்துவர் இன்ஹேலர் அளவைக் குறைத்திருக்கிறார், நிறுத்தவில்லை. மழைக்காலம் முழுதும் தொடர வேண்டும் என்கிறார்.

பாத்ரூம்தான் பாக்கி. கண்ணாடி ஜன்னலில் ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். வடிகாலில் சருகு அள்ளுவது மாதம் ஒருமுறை என் கணவர் பொறுப்பு, போன மாதம் அவர் செய்யவில்லை.